வீட்டில் செய்யும் நெக்ரோனி ஏன் சொதப்புகிறது?

கேள்வி இதுதான்: நெக்ரோனி காக்டெய்லுக்கு ஜின், காம்பாரி என்ற இத்தாலியக் கசப்பு லிக்கர், மூலிகை சேர்த்த ஒயினான சிவப்பு வெர்மூத் மூன்றையும் 30 மில்லி வீதம் அளந்துதான் ஊற்றுகிறேன். ஆனாலும் ஒரு நாள் இருமல் மருந்து மாதிரி தித்திக்கிறது, இன்னொரு நாள் தண்ணீராக இருக்கிறது. நல்ல பாரில் கிடைக்கும் நெக்ரோனி வீட்டில் ஏன் வருவதில்லை?

அளவில் தப்பில்லை. சர்வதேச பார்டெண்டர் சங்கத்தின் பட்டியலிலும் 30, 30, 30 என்றுதான் இருக்கிறது. வீட்டில் கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு இடங்களில்: திறந்து மாதக்கணக்கில் அலமாரியில் நின்ற வெர்மூத், ஃபிரீசர் டிரேயில் இருந்து வரும் சின்னச் சின்ன ஐஸ். ஜின்னை மாற்றிப் பார்ப்பது, காம்பாரியைக் கூட்டிக் குறைப்பது எல்லாம் இந்த இரண்டையும் சரிசெய்த பிறகு செய்ய வேண்டிய வேலை. பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். வெர்மூத் 8 மாதப் பழசு, ஜின் மட்டும் 5,000 ரூபாய்க்கு.

இந்தக் கலவை எப்படி உண்டானது என்று கொஞ்சம் தெரிந்தால் எதை எதோடு சமன் செய்கிறோம் என்பது புரியும். காம்பாரி மிலான் நகரத்துச் சரக்கு. காஸ்பரே காம்பாரி 1860-இல் நோவாராவில் தொடங்கி, பிறகு மிலானுக்குக் கொண்டுவந்தார். சிவப்பான இந்த இனிப்பு வெர்மூத் டூரின் நகரத்துடையது. இரண்டையும் சம பங்கு கலந்து ஐஸ் போட்டால் அதற்கு மிலானோ டொரினோ என்று பெயர். அதில் சோடா சேர்த்தால் அமெரிக்கானோ. 1919 வாக்கில் ஃபுளாரன்ஸின் காஃபே கசோனியில் கமில்லோ நெக்ரோனி என்ற பிரபு, அமெரிக்கானோவில் சோடாவுக்குப் பதில் ஜின் ஊற்றச் சொன்னார், ஃபாஸ்கோ ஸ்கார்செல்லி என்ற பார்டெண்டர் ஊற்றிக் கொடுத்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. இதை மறுப்பவர்களும் உண்டு; அந்தச் சண்டைக்குள் நாம் போக வேண்டாம். நமக்கு வேண்டியது ஒன்றுதான்: சோடா இருந்த இடத்தில் ஜின் வந்து உட்கார்ந்திருக்கிறது. சோடா செய்துகொண்டிருந்த வேலை, அதாவது இரண்டு கெட்டியான இனிப்புச் சரக்குகளையும் நீர்க்கவைத்து நாக்கில் லேசாக்கும் வேலை, இப்போது ஐஸ் உருகி வரும் தண்ணீரின் பொறுப்பு. ஐஸ் சரியில்லாவிட்டால் நெக்ரோனி சரியாக வராது என்பதற்குக் காரணம் இதுவே.

முதலில் வெர்மூத். இது ஒயின். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி வெர்மூத்தில் முக்கால் பங்காவது ஒயின் இருக்க வேண்டும். மூலிகைகளில் ஆர்ட்டிமீசியா, அதாவது நம்மூர் மாசிபத்திரியின் இனத்தைச் சேர்ந்த கசப்புச் செடி, கட்டாயம். கொஞ்சம் ஆல்கஹாலும் சர்க்கரையும் சேர்த்து 15, 16 சதவீதத்தில் பாட்டிலில் அடைக்கிறார்கள். விஸ்கி பாட்டிலைத் திறந்து வருஷக் கணக்கில் வைக்கலாம். வெர்மூத்தை வைக்க முடியாது. மூடியைத் திறந்த நாளிலிருந்து காற்று வேலையைத் தொடங்கிவிடும். முதலில் பழ வாசனையும் மூலிகையின் மேல்மணமும் போகும், பிறகு காய்ந்த திராட்சை, பழைய ஆப்பிள் மாதிரி ஒரு மந்தமான வாடை வரும், கடைசியில் ஓரத்தில் புளிப்பு. சர்க்கரை மட்டும் அப்படியே இருக்கும். வாசனை போய் இனிப்பு மட்டும் மிஞ்சிய அந்த வெர்மூத்தைத்தான் உங்கள் நாக்கு இருமல் மருந்து என்கிறது.

திறந்த வெர்மூத்துக்கு இடம் ஃபிரிட்ஜ். அங்கே வைத்தால் ஒரு மாதம் நன்றாக இருக்கும். இரண்டு மாதம் வரை சமாளிக்கலாம். வெளியே, அதுவும் 32, 33 டிகிரி அறையில் வைத்தால் இரண்டு வாரத்திலேயே சோர்ந்துவிடும். பாட்டில் பாதி காலியானதும் உள்ளே பாதி காற்று. அந்த நேரத்தில் மிச்சத்தைச் சுத்தமான சின்னக் கண்ணாடி பாட்டிலுக்குக் கழுத்து வரை நிரம்ப மாற்றி மூடினால் ஆயுள் கூடும். பாட்டிலின் மேல் திறந்த தேதியை மார்க்கரில் எழுதிவையுங்கள். சந்தேகம் வந்தால் ஒரு டீஸ்பூன் வெர்மூத்தைத் தனியாகச் சுவைத்துப் பாருங்கள். தனியாகக் குடிக்கப் பிடிக்காத வெர்மூத் காம்பாரியோடு சேர்ந்து திருந்திவிடாது. வாங்கும்போது 375 அல்லது 500 மில்லி பாட்டில் கிடைத்தால் அதையே எடுங்கள். லிட்டர் பாட்டில் மலிவாகத் தெரியும், கடைசி 300 மில்லியைச் சமையலுக்குத்தான் ஊற்ற வேண்டியிருக்கும்.

எந்த வெர்மூத்? மார்ட்டினி ரோஸோவும் சின்சானோ ரோஸோவும் எங்கும் கிடைப்பவை; புதிதாக இருந்தால் நல்ல நெக்ரோனி வரும், இனிப்பு ஒரு படி தூக்கலாக இருக்கும், அவ்வளவுதான். கோக்கி வெர்மூத் டி டொரினோ கிடைத்தால் என் ஓட்டு அதற்கு. கோகோ, ஆரஞ்சுத் தோல் வாசனையோடு லேசான கசப்பும் அதில் இருக்கிறது. காம்பாரிக்கு முன்னால் காணாமல் போய்விடாது. கார்பானோவின் அந்திகா ஃபார்முலா புகழ்பெற்றது, விலையும் அதிகம். ஆனால் அதன் வனிலா வாசனை சம பங்கில் ஊற்றும்போது ஜின்னை மறைத்துவிடும். அதை 25 மில்லியாகக் குறைத்து ஜின்னை 35 ஆக்கினால் சரியாகும். புன்டெ மெஸ் ஏற்கெனவே கசப்பு கூடிய வெர்மூத். அதோடு காம்பாரி முழு 30 மில்லி போட்டால் கசப்பு நாக்கின் பின்பக்கம் பிடித்துக்கொண்டு போகவே போகாது. காம்பாரியை 22 மில்லியாக்குங்கள். வெள்ளை வெர்மூத், ட்ரை வெர்மூத் இரண்டும் இங்கே ஆகாது. நிறத்துக்காகச் சொல்லவில்லை, ட்ரையில் சர்க்கரை குறைவு என்பதால் காம்பாரியின் கசப்பை எதிர்த்து நிற்க ஆளிருக்காது.

காம்பாரியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை; அது கெட்டுப் போகாது. சர்க்கரை தாராளமாக உள்ள லிக்கர் என்பதால் திறந்த பிறகும் அலமாரியில் நிம்மதியாக இருக்கும். கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, அதன் ஆல்கஹால் அளவு நாட்டுக்கு நாடு மாறுகிறது, 20.5 சதவீதத்திலிருந்து 28.5 வரை. இத்தாலியில் 25. வெளிநாட்டுச் செய்முறையைப் பார்த்துச் செய்து ருசி மாறினால் முதலில் லேபிளைப் பாருங்கள். இரண்டாவது, சைவர்களுக்கு. அந்தச் சிவப்பு நிறம் நெடுங்காலம் கோச்சினீல் என்ற செதில் பூச்சியிலிருந்து எடுத்த கார்மைன் சாயத்தால் வந்தது. 2006 வாக்கில் பெரும்பாலான சந்தைகளில் அதைக் கைவிட்டுச் செயற்கை நிறத்துக்கு மாறினார்கள். எல்லா இடத்திலும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். லேபிளில் இ120 என்று இருந்தால் அது பூச்சிச் சாயம்.

காம்பாரி கிடைக்காத இடத்தில் இன்னொரு இத்தாலியக் கசப்பு லிக்கரான அபெரோலை வைத்துச் செய்யலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். செய்யலாம், ஆனால் அதே அளவில் வராது. அபெரோல் 11 சதவீதம்தான், இனிப்பு கூட, கசப்பு பாதிகூட இல்லை. வேறு வழியில்லை என்றால் ஜின் 40, அபெரோல் 30, வெர்மூத் 20 என்று மாற்றுங்கள். குடிக்க நன்றாக இருக்கும். நெக்ரோனி என்று சொல்ல மாட்டேன். லக்ஸார்டோவின் பிட்டர், மார்ட்டினியின் ரிசெர்வா ஸ்பெஷாலே பிட்டர் இரண்டும் காம்பாரிக்கு நேர் மாற்று, அளவை மாற்றவே வேண்டாம்.

ஜின் விஷயத்தில் நிறையப் பேர் பணத்தை வீணாக்குகிறார்கள். ரோஜா இதழ், வெள்ளரி, மல்லிகை வாசனை எல்லாம் உள்ள நளினமான ஜின்களைக் காம்பாரி ஒரே அடியில் படுக்கவைத்துவிடும். இங்கே தேவை ஜூனிப்பர் காய் முன்னால் நிற்கும், கொத்தமல்லி விதையும் எலுமிச்சைத் தோலும் பின்னால் வரும் லண்டன் ட்ரை வகை ஜின். டாங்கரே, பீஃப்ஈட்டர், கார்டன்ஸ் எல்லாம் இந்த வகை. கோவாவிலிருந்து வரும் கிரேட்டர் தன் இதற்குப் போதுமானது, விலையும் கையைக் கடிக்காது. ஸ்ட்ரேஞ்சர் அண்ட் சன்ஸ் சிட்ரஸும் மசாலாவும் தூக்கலானது. ஆரஞ்சுத் தோலோடு நன்றாகச் சேரும். பெயரைவிட முக்கியம் வீரியம். 37.5 சதவீத ஜின் ஐஸ் தண்ணீரில் கரைந்து காணாமல் போகும், மிஞ்சுவது காம்பாரியும் வெர்மூத்தும் சேர்ந்த இனிப்பு. 42.8 சதவீதம் நல்ல இடம், 47 கிடைத்தால் இன்னும் விறைப்பாக நிற்கும். கையில் இருப்பது 37.5 மட்டும்தான் என்றால் ஜின்னை 40 மில்லி ஆக்கிக்கொள்ளுங்கள்.

இனி ஐஸ். கலவையை நன்றாகக் குளிரவைக்க வேண்டும், தேவையான தண்ணீரும் உள்ளே போக வேண்டும். இரண்டையும் ஐஸ் ஒரே நேரத்தில் செய்கிறது; ஒன்றைத் தவிர்த்து மற்றதை மட்டும் வாங்க முடியாது. ஐஸ் உருகினால்தான் குளிரும், உருகினால் தண்ணீர். ஆல்கஹால் இருப்பதால் கலவை 0 டிகிரிக்கும் கீழே இறங்கும் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். அந்தக் குளிர்ச்சி வெறும் சுகத்துக்காக அல்ல. குளிரக் குளிர நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும். 30 மில்லி இனிப்பு வெர்மூத்தில் மட்டும் கிட்டத்தட்ட 4 கிராம் சர்க்கரை இருக்கிறது, காம்பாரியின் சர்க்கரை தனி. அரைகுறையாகக் குளிர்ந்த நெக்ரோனி தித்திப்பது இதனால்தான்.

டிரே ஐஸில் என்ன கோளாறு? சின்னது, எனவே மேற்பரப்பு அதிகம், சீக்கிரம் உருகும். வெளியே எடுத்து ஐந்து நிமிஷம் பாத்திரத்தில் வைத்திருந்தால் மேலெல்லாம் தண்ணீர் வழியும். அந்தத் தண்ணீர் குளிர்ச்சியைக் கொடுக்காமல் நீர்ப்பை மட்டும் கொடுக்கும். இன்னொன்று வாடை. மீன், அரைத்த மசாலா, பால் பாக்கெட் எல்லாம் உள்ள ஃபிரீசரில் மூடாமல் கிடந்த ஐஸ் அத்தனை வாடையையும் வாங்கிக்கொள்ளும். ஒரு கட்டியை வாயில் போட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும். கேன் தண்ணீரோ வடிகட்டிய தண்ணீரோ ஊற்றி, உறைந்ததும் ஜிப் கவரில் போட்டு மூடிவையுங்கள்.

பரிமாறும் கிளாஸுக்குப் பெரிய ஒற்றைக் கட்டி வேண்டும். 5 சென்டிமீட்டர் சிலிக்கான் அச்சு இணையக் கடைகளில் கிடைக்கிறது. இல்லாவிட்டால் பரவாயில்லை, உங்கள் கிளாஸுக்குள் நுழையும் அகலத்தில் ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி ராத்திரி முழுக்க ஃபிரீசரில் வையுங்கள். காலையில் டம்ளரின் வெளிப்புறத்தைக் குழாய்த் தண்ணீரில் பத்து நொடி காட்டினால் கட்டி வழுக்கி வந்துவிடும். நடுவில் வெள்ளையாக மங்கி இருக்கும். அது தண்ணீரில் கரைந்திருந்த காற்று. ருசியில் ஒன்றும் வித்தியாசமில்லை. கண்ணாடி மாதிரித் தெளிந்த ஐஸ் படம் எடுப்பவர்களின் கவலை.

சாமான்கள் அதிகம் வேண்டாம். 30, 60 மில்லி பெக் மெஷர் ஒன்று. கண் அளவில் ஊற்றாதீர்கள், 5 மில்லி கூடினாலும் இந்தக் கலவையில் தெரியும். சமையல் தராசில் அளக்கும் பழக்கம் உள்ளவர்கள் கவனிக்க: மூன்றும் ஒரே எடை இல்லை. ஜின் தண்ணீரைவிட லேசு, மற்ற இரண்டும் சர்க்கரையால் தண்ணீரைவிடக் கனம். 30 கிராம் வீதம் போட்டால் ஜின் கூடிவிடும். கலக்க ஒரு கெட்டியான கண்ணாடி ஜக்கோ ஹார்லிக்ஸ் பாட்டிலோ போதும், நீளக் காம்புள்ள ஸ்பூன் ஒன்று, ஐஸைத் தடுக்க ஒரு வடிகட்டி. குடிக்க, அடி கனமான குட்டையான கிளாஸ், 250 முதல் 300 மில்லி பிடிக்கிற மாதிரி.

செய்முறை இப்படி. குடிக்கும் கிளாஸைப் பத்து நிமிஷம் முன்னாலேயே ஃபிரீசரில் வைத்துவிடுங்கள். கலக்கும் பாட்டிலில் வெர்மூத் 30, காம்பாரி 30, ஜின் 30 ஊற்றுங்கள். எது முதலில் என்பதில் ருசி வித்தியாசம் இல்லை. ஆனால் விலை குறைந்ததை முதலில் ஊற்றினால், அளவு தவறிவிட்டால் கொட்டுவதற்கு மனசு வலிக்காது. ஃபிரீசரிலிருந்து அப்போதே எடுத்த ஐஸைப் பாட்டிலின் முக்கால் வரை போடுங்கள், சரக்கு மட்டத்துக்கு மேலே ஐஸ் நிற்க வேண்டும். ஐஸைக் கொஞ்சமாகப் போட்டால் நீர்க்காது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நடப்பது வேறு: குறைந்த ஐஸ் சீக்கிரம் கரைந்து, குளிரவும் வைக்காமல் தண்ணீராகிவிடும்.

ஸ்பூனின் முதுகு பாட்டிலின் உட்சுவரைத் தொட்டபடி, ஐஸ் முழுதும் ஒன்றாகச் சுற்றும்படி, 25 முதல் 30 நொடி கலக்குங்கள். சத்தம் வரக் கூடாது. கடகடவென்று சத்தம் வந்தால் ஐஸை உடைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். குலுக்க வேண்டாம். ஷேக்கரில் குலுக்கினால் காற்றுக் குமிழும் ஐஸ் துணுக்கும் கலந்து கலங்கலாகும், நீர்ப்பு கூடும், நாக்கில் அந்த எண்ணெய் மாதிரியான வழவழப்பு போய்விடும். எலுமிச்சைச் சாறோ முட்டை வெள்ளையோ உள்ள கலவைகளுக்குத்தான் குலுக்கல்.

போதுமான அளவு கலக்கியாயிற்றா என்று தெரிந்துகொள்ள ஒரு நேரான சோதனை. கலக்கியதை ஐஸ் இல்லாமல் வடிகட்டி அதே பெக் மெஷரால் திரும்ப அளந்து பாருங்கள். உள்ளே போனது 90 மில்லி. வெளியே 112 முதல் 118 வரை வர வேண்டும். அதாவது நாலாவது 30 மில்லி நிறையாமல் கொஞ்சம் குறைந்து நிற்கும். 100-தான் வந்தது என்றால் இன்னும் கலக்க வேண்டும், காரமாக இருக்கும். 130 வந்துவிட்டால் ஐஸ் ஈரமாக இருந்தது அல்லது நேரம் கூடிவிட்டது. இரண்டு மூன்று முறை இப்படி அளந்தால் உங்கள் வீட்டு ஐஸுக்கு எத்தனை நொடி என்பது பிடிபட்டுவிடும். அதன் பிறகு அளக்கத் தேவையில்லை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஜின் பாட்டிலை ஃபிரீசரில், காம்பாரியையும் வெர்மூத்தையும் ஃபிரிட்ஜில் வைத்திருப்பவர்கள் "30 நொடி கலக்கினேன், தொண்டை எரிகிறது" என்பார்கள். எல்லாமே குளிர்ந்திருந்தால் ஐஸ் உருக வேலையே இல்லை, தண்ணீர் உள்ளே போகாது. அப்படி வைத்திருந்தால் கலக்கும்போதே 10 முதல் 15 மில்லி குளிர்ந்த தண்ணீரை அளந்து சேர்த்துவிடுங்கள். சரக்கில் தண்ணீர் ஊற்றுவதா என்று தயங்க வேண்டாம், ஐஸ் செய்வதும் அதைத்தான்.

குளிர்ந்த கிளாஸில் பெரிய ஐஸ் கட்டியைப் போட்டு அதன் மேல் வடிகட்டி ஊற்றுங்கள். இத்தாலிய பார்களில் பலரும் கலக்கும் பாட்டிலே எடுப்பதில்லை. குடிக்கும் கிளாஸிலேயே ஐஸ் போட்டு, மூன்றையும் ஊற்றி, பத்துப் பதினைந்து நொடி கலக்கிக் கொடுத்துவிடுவார்கள். பட்டியலில் உள்ள செய்முறையும் அதுதான். முதல் மிடறு வீரியமாக, கடைசி மிடறு இளகலாக, குடிக்கக் குடிக்க மாறும். அதுவும் ஒரு ருசி. ஆனால் அறை சூடாக இருக்கும் வீட்டில் அந்த மாற்றம் வேகமாக நடந்து கடைசிப் பாதி சப்பென்று ஆகிவிடும் என்பதால், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து குடிப்பவர்களுக்குத் தனியாகக் கலக்கி வடிப்பதைத்தான் சொல்வேன்.

ஆரஞ்சு அலங்காரத்துக்கு அல்ல, அது நாலாவது சாமான். பாதி வட்டத் துண்டைக் கிளாஸுக்குள் போடுவது இத்தாலிய வழக்கம். கொஞ்சம் சாறும் புளிப்பும் உள்ளே போகும், கலவை இளகும். தோலை மட்டும் பிழிவது இன்னொரு வழி, மணம் தூக்கலாக வரும். தோலுக்கு, பீலரால் இரண்டு விரல் அகலம், விரல் நீளம் சீவுங்கள். உள்பக்க வெள்ளை அதிகம் வந்தால் கத்தியால் வழித்துவிடுங்கள், அது வறட்டுக் கசப்பு. ஆரஞ்சு நிறப் பக்கம் சரக்கைப் பார்க்கும்படி பிடித்து, கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் நீளவாக்கில் மடித்து ஒரு அமுக்கு. மேற்பரப்பில் பனி மாதிரி எண்ணெய்த் துளி தெறிப்பது விளக்கு வெளிச்சத்தில் தெரியும். பிறகு கிளாஸின் விளிம்பில் தேய்த்துவிட்டு உள்ளே போடுங்கள். தோல் கெட்டியாக ஒட்டிய இறக்குமதி ஆரஞ்சு இதற்கு வசதி. ஆனால் அதில் மெழுகு பூசியிருப்பார்கள், வெதுவெதுப்பான தண்ணீரில் தேய்த்துக் கழுவிவிடுங்கள். கமலா ஆரஞ்சின் தோல் தொளதொளவென்று இருப்பதால் பீலர் பிடிக்காது, கையால் உரித்த துண்டையே பிழியலாம்; மணம் வேறு ஜாதி, மோசமில்லை. சாத்துக்குடித் தோல் வேண்டாம், மணம் போதாது.

இவ்வளவும் செய்த பிறகும் ருசி ஒத்துவரவில்லை என்றால் மட்டும் அளவில் கை வையுங்கள். இனிப்புத் தூக்கல் என்றால் ஜின் 45, மற்ற இரண்டும் 30. அல்லது இன்னும் இறுக்கமாக ஜின் 45, காம்பாரி 22, வெர்மூத் 22. கசப்பு தாங்கவில்லை என்றால் காம்பாரியைக் குறைக்கும் முன் உப்பை முயன்று பாருங்கள். 20 கிராம் உப்பை 80 கிராம் தண்ணீரில் கரைத்து ஒரு டிராப்பர் பாட்டிலில் வைத்துக்கொள்ளலாம்; ஒரு கிளாஸுக்கு இரண்டு மூன்று சொட்டு. உப்புக் கரிக்காது, கசப்பின் முனை மழுங்கும், ஆரஞ்சு மணம் முன்னால் வரும். உப்பு போட்ட முந்திரியோ ஆலிவோ கடித்துக்கொண்டு குடித்தாலும் கிட்டத்தட்ட அதே வேலை நடக்கும்; இத்தாலியர்கள் சாப்பாட்டுக்கு முன்னால் இதை ஏதாவது உப்புக் கொறியலோடு குடிப்பது சும்மா இல்லை.

வீரியத்தையும் சொல்லிவிட வேண்டும், இந்தக் கிளாஸ் பார்க்கச் சின்னது. 42.8 சதவீத ஜின், 25 சதவீத காம்பாரி, 16 சதவீத வெர்மூத் வைத்துக் கணக்குப் போட்டால் 90 மில்லியில் சுத்த ஆல்கஹால் 25 மில்லி, எடையில் சுமார் 20 கிராம். ஒரு லார்ஜ் விஸ்கிக்குச் சமம். வெறும் வயிற்றில் குடிக்கிற சமாச்சாரம் என்பதால் சீக்கிரம் ஏறும். அவ்வளவு வேண்டாம் என்கிறவர்களுக்கு மேலே சொன்ன அமெரிக்கானோ அருமையான வழி: காம்பாரி 30, வெர்மூத் 30, உயரமான கிளாஸ் நிறைய ஐஸ், மேலே 60 முதல் 90 மில்லி நன்றாகக் குளிர்ந்த சோடா, ஒரு ஆரஞ்சுத் துண்டு. ஆல்கஹால் பாதிக்கும் குறைவு. வெயில் நாளில் நெக்ரோனியைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

ஜின் இடத்தில் வேறு எதை வைக்கலாம் என்ற கிளைகள் நிறைய. நல்லவை இரண்டைச் சொல்கிறேன். ஜின்னுக்குப் பதில் ப்ராஸெக்கோ என்ற இத்தாலியக் குமிழ் ஒயினைக் குளிரவைத்து 45 மில்லி ஊற்றினால் ஸ்பாலியாட்டோ. 1970-களின் தொடக்கத்தில் மிலானின் பார் பாஸோவில் மிர்கோ ஸ்டொக்கெட்டோ உருவாக்கியது. இதைக் கலக்கக் கூடாது, ஒரே ஒரு முறை ஸ்பூனை அடியிலிருந்து தூக்கினால் போதும். அதற்கு மேல் போனால் குமிழ் எல்லாம் போய்விடும். போர்பன் விஸ்கி 45, காம்பாரி 30, வெர்மூத் 30 என்றால் பூலவார்டியே. விஸ்கி வீட்டில் ஏராளம், ஜின் இல்லை என்பவர்களுக்கு. இங்கே போர்பனோ ரை விஸ்கியோ வேண்டும், புகை வாடையுள்ள ஸ்காட்ச் காம்பாரியோடு சண்டை போடும்.

விருந்தாளி ஆறு பேர் வருகிறார்கள் என்றால் ஒவ்வொரு கிளாஸாகக் கலக்கிக்கொண்டு நிற்காதீர்கள். நெக்ரோனியில் பழச்சாறு இல்லாததால் முன்கூட்டியே பாட்டிலில் அடைக்க இதைவிடத் தோதான கலவை கிடையாது. சுத்தமான 750 மில்லி பாட்டிலில் ஜின் 200, காம்பாரி 200, வெர்மூத் 200, நல்ல தண்ணீர் 150. கழுத்து வரை நிறையும், உள்ளே காற்றுக்கு இடமில்லை. மூடி, இரண்டு முறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலந்து, ஃபிரிட்ஜின் அடித்தட்டில் குறைந்தது நாலு மணி நேரம். ஊற்றும்போது கிளாஸும் ஃபிரீசரில் குளிர்ந்திருக்க வேண்டும். ஐஸ் இல்லாமல் 120 மில்லி வீதம் ஆறு கிளாஸ் தாராளமாக வரும். ஐஸ் கட்டியின் மேல் ஊற்றுவதாக இருந்தால் தண்ணீரை 90 மில்லியாகக் குறைத்துவிடுங்கள், மிச்சத்தை ஐஸ் பார்த்துக்கொள்ளும்.

தண்ணீர் சேர்த்த பாட்டிலை ஃபிரீசரில் வைக்க வேண்டாம். 22 சதவீதத்துக்கு இறங்கிவிட்ட கலவை, −18 டிகிரியில் பாதி உறைந்து கூழாகும். முதலில் உறைவது தண்ணீர் என்பதால் மேலே ஊற்றி வருவது காரமாகவும் கீழே தங்குவது சப்பென்றும் இருக்கும். ஃபிரீசர்தான் வசதி என்றால் தண்ணீர் இல்லாமல் மூன்றை மட்டும் அடைத்து வையுங்கள், தண்ணீரை ஊற்றும்போது கிளாஸுக்கு 25 மில்லி வீதம் சேர்த்துக்கொள்ளலாம். ஆரஞ்சுத் தோலைப் பாட்டிலுக்குள் போட்டு ஊறவைக்காதீர்கள், இரண்டே நாளில் வெள்ளைச் சதையின் கசப்பு இறங்கிவிடும். தோல் எப்போதும் கடைசி நிமிஷத்தில், கிளாஸின் மேல்.